வயிற்றில் ஒரு வாசல்

எங்கள் ஊர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் நிறையப் பேர் வருவார்கள். பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் அடுக்கி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த காடவர்கோனின் கனவில் சிவன் வந்து, நாளைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார் என்றார். கதை மனதைப் பற்றியது. காலப்போக்கில் மனம் இதயமாகி, இதயம் கார்டியாலஜியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைபாஸ் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

"இதயத்துக்கு ஒரு சாமி இருக்காரு. குடலுக்கு யாருடா இருக்கா?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். 2017ல் மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஆசனவாயை மூடிவிட்டு, பெருங்குடலின் முனையை இடது அடிவயிற்றில் ஓர் ஓட்டை வழியாக வெளியே எடுத்துத் தைத்திருந்தார்கள். கொலாஸ்டமி. அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். பழுத்த தக்காளியின் நிறத்தில், ஈரமாக, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தொட்டால் வலிக்காது. அதன்மேல் ஒரு பை.

பையோடு வாழ அப்பா சீக்கிரமே கற்றுக்கொண்டார். அவரைத் தோற்கடித்தது இரண்டு வருடம் கழித்து வந்த வீக்கம். ஸ்டோமாவைச் சுற்றி, தோலுக்கடியில், முதலில் எலுமிச்சை அளவு, பிறகு சாத்துக்குடி, பிறகு தேங்காய் மூடி. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வரும், இருமினால் துள்ளும். வயிறு மேடானதால் பையின் வட்டு ஒட்டவில்லை. ஒட்டாததால் கசிந்தது. கசிந்ததால் கல்யாணம், காதுகுத்து, ரயில் எல்லாம் நின்றுபோயின. டாக்டர் பார்த்துவிட்டு, "ஸ்டோமா பக்கத்துல ஹெர்னியா. பெல்ட் போடுங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார். இருபது லிட்டர் தண்ணீர் கேனை அப்பா அதற்கு முன்பே தூக்கியிருந்தார் என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஷர் வெசல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "பிளேட்டுல ஓட்டை போட்டா சுத்தி பேட் வெச்சு வெல்டு பண்ணுவோம். இல்லன்னா பிரஷர்ல ஓட்டை ஓரத்துல பிச்சுக்கும். பேட்ல சின்னதா ஒரு டெல்டேல் ஹோல் விடுவோம், உள்ள லீக் ஆனா வெளிய காட்டிக் குடுக்க. இவங்க ஏன் எனக்குப் பேட் வெக்கல?"

பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை முந்நூறு வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

1710ல் பாரிஸில் அலெக்ஸிஸ் லித்ரே என்ற உடற்கூற்று நிபுணர், ஆசனவாய் மூடிய நிலையில் பிறந்து இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைத் திறந்து பார்த்தார். குடலை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால் அது மாற்று ஆசனவாயாக வேலை செய்திருக்குமே என்று எழுதிவைத்தார். யாரும் உடனே செய்துபார்க்கவில்லை. வயிற்றைத் திறந்தால் சாவு என்பது அன்றைய அனுபவம்.

1776ல் ரூவான் நகரத்து பில்லோர் அதைச் செய்தார். மொரேல் என்ற ஒயின் வியாபாரிக்கு மலக்குடலில் அடைப்பு. அந்தக் காலத்து வைத்தியப்படி, எடையால் அடைப்பைத் தள்ளிவிடும் என்று இரண்டு ராத்தல் பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். போனது திரும்ப வரவில்லை. பில்லோர் வலப்பக்கம் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைத் திறந்து தோலோடு தைத்தார். ஒரு ஸ்பான்ஜை வைத்துக் கட்டுப் போட்டதுதான் அன்றைய "பை". வாசல் வேலை செய்தது. 28ஆம் நாள் மொரேல் இறந்தார். உள்ளே பார்த்தால், ஆபரேஷன் செய்த இடத்தில் குறை ஒன்றுமில்லை. பாதரசத்தின் கனத்தில் சிறுகுடல் அழுகிப் போயிருந்தது. முதல் ஸ்டோமா நோயாளியைக் கொன்றது அதற்கு முந்தைய வைத்தியம்.

1793ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் துரே, ஆசனவாய் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு இடது அடிவயிற்றில் வாசல் வைத்தார். அப்பாவுக்கு இருக்கும் அதே இடம். மயக்க மருந்து கிடையாது, கிருமிநீக்கம் கிடையாது. வெளியே பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்தது. அந்தக் குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது. நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய வரி இதுதான். 45 வருஷம் எதைக் கட்டிக்கொண்டு திரிந்திருப்பார் அந்த ஆள்?

பிறகு பாதை ஒருமுறை தவறான திசையில் போனது. 1838ல் பாரிஸின் பெரிய மருத்துவர் புரூஸே மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அவருடைய நண்பர் அமுஸா அந்த மரணத்தால் பாதிக்கப்பட்டு, வயிற்றுறையைக் கிழிக்காமல் குடலைத் திறப்பது எப்படி என்று யோசித்து, 1839ல் இடுப்புக்குப் பின்பக்கம், முதுகோரமாக வாசல் வைத்தார். வயிற்றுறை என்பது குடல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு, அதில் சீழ் பிடித்தால் ஆள் பிழைக்க மாட்டார். அந்த நோக்கில் இது புத்திசாலித்தனமான வழி. ஆனால் தன் முதுகைத் தானே கழுவ முடியாது. நோயாளி கடைசிவரை இன்னொருவர் கையை எதிர்பார்த்து இருக்க வேண்டும். எதெர் மயக்கமும் லிஸ்டரின் கார்பாலிக் அமிலமும் வந்த பிறகுதான் வாசல் முன்பக்கத்துக்குத் திரும்பியது. 1888ல் வியன்னாவைச் சேர்ந்த மைடல், வெளியே இழுத்த குடல்வளையம் உள்ளே வழுக்கிப் போகாமலிருக்க அதனடியில் வாத்து இறகின் தண்டைச் செருகினார். இன்றைக்கு பிளாஸ்டிக் குச்சி வைக்கிறார்கள். யோசனை அதேதான்.

இத்தனை காலமும் இது சாகப்போகிறவர்களின் அறுவை. ஹெர்னியா பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் ஹெர்னியா வர ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அதை மாற்றியவர் லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ். கீழ்ப்பக்கமாக மட்டும் வெட்டி மலக்குடல் புற்றை எடுத்த தன் 57 நோயாளிகளில் 54 பேருக்கு நோய் திரும்பியதை அவரே கணக்கெடுத்தார். இப்படி ஒரு கணக்கைத் தன் கைவேலைக்கு எதிராகவே போட்ட அறுவை மருத்துவர்கள் சரித்திரத்தில் குறைவு. 1908ல் வயிற்று வழியாகவும் கீழ் வழியாகவும் சேர்ந்து வெட்டி, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு மொத்தத்தையும் எடுக்கும் முறையை 'லான்செட்'டில் வெளியிட்டார். விலை: ஆயுள் முழுவதற்கும் ஒரு கொலாஸ்டமி. அப்பாவுக்கு நடந்தது இந்த ஆபரேஷனின் கொள்ளுப்பேரன்.

இங்கே சென்னை வருகிறது. 1923ல் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். மைல்ஸின் கட்டுரை வந்து 15 வருஷம் ஆகியிருந்தது; மெட்ராஸில் புற்றுநோய்க்கென்று ஒரு படுக்கைகூட இல்லை. 1925ல் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக லண்டன் போனார். புரொம்டன் பகுதியில் இருந்த புற்றுநோய் மருத்துவமனையில் மைல்ஸ் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. ஊர் திரும்பி, சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று பல போராட்டங்களுக்கு நடுவில், 1935ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற பேச்சை எடுத்தார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கைகளோடு அது திறந்தது. தங்கை இறந்து 31 வருஷம். தேவதாசி ஒழிப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தங்கையின் குடல் இல்லை. குடல் விஷயத்தில் நமக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு.

அதே ஐம்பதுகளில்தான் ஸ்டோமாவோடு வாழ்வது மனுஷ வாழ்க்கையானது. 1952ல் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக், சிறுகுடலை வெளியே எடுக்கும்போது அதன் முனையை முழுக்கைச் சட்டையின் கைப்பட்டியை மடித்துவிடுவதுபோல வெளிப்பக்கம் மடித்துத் தைத்தார். சிறுகுடல் நீர் தோலைச் சாப்பிட்டுவிடும். மடித்தால் மூக்குபோல நீட்டிக்கொண்டு நீர் நேராகப் பைக்குள் விழும். அவ்வளவு எளிய விஷயம். 1954ல் டென்மார்க் நர்ஸ் எலிஸ் சோரன்சன், ஸ்டோமா வைத்த தன் தங்கை தோரா வீட்டைவிட்டு வெளியே வர மறுப்பதைப் பார்த்து, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். பைகளைச் செய்ய முன்வந்த பிளாஸ்டிக் கம்பெனிக்காரர் 1957ல் தொடங்கியதுதான் கோலோபிளாஸ்ட். முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை, எலிஸுக்கு ஒரு தங்கை. இந்தச் சரித்திரத்தில் தங்கைகளுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம்.

இன்னொரு சங்கதி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற மருத்துவர், பல்செட் ஒட்டப் பயன்பட்ட கராயா பிசின் ஈரமான தோலிலும் பிடிக்கிறது, புண்ணையும் ஆற்றுகிறது என்று கண்டு அதை ஸ்டோமாவைச் சுற்றிப் போட ஆரம்பித்தார். கராயா நம் நாட்டுச் சரக்கு. ஆந்திரத்து மலைக்காடுகளில் தெலுங்கில் தபசி என்று சொல்லும் மரத்தைக் கொத்தி, கசியும் பிசினைப் பழங்குடிகள் சேகரித்து விற்பார்கள். உலகத்து ஸ்டோமா நோயாளிகளின் தோலை வெகுகாலம் காப்பாற்றியது அந்தப் பிசின். அதைச் சேகரித்தவர்களுக்கு அது என்னத்துக்குப் போகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா தெரியாது. டர்ன்புல்லிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்ணை 1958ல் அவரே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஸ்டோமா பராமரிப்பு என்ற தொழிலே அந்தப் பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது.

ஆக, ஆள் பிழைத்தார், பை ஒட்டியது, தோல் ஆறியது. இப்போது ஹெர்னியாவுக்கு நேரம் வந்தது.

பிரச்சினையைப் புரிந்துகொள்ள அப்பாவின் பட்டறை போதும். வயிறு ஒரு பிரஷர் வெசல். இருமும்போது, முக்கும்போது, குந்தி எழும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சுவரில் ஓட்டை போட்டு அதில் ஒரு குழாயை நுழைத்திருக்கிறோம். இரும்பு நாசிலை வெல்டு வைத்து மூடலாம். குடலைச் சுற்றி இறுக்கினால் ரத்தம் போகாமல் கருத்துவிடும். அதனால் கொஞ்சம் இடம் விட்டே ஆகவேண்டும். விட்ட இடம் பெருகும். பெருகப் பெருக ஓரத்தில் இழுவிசை கூடும், கூடினால் இன்னும் பெருகும். பலூன் ஊதும்போது முதல் மூச்சுக்குத்தான் கஷ்டம், பிறகு சுலபம் என்பது இதே கணக்குதான். லீட்ஸ் நகரத்து கோலிகர், ஸ்டோமா வைத்தால் கொஞ்சமாவது ஹெர்னியா வருவதைத் தவிர்க்கவே முடியாது என்ற முடிவுக்கு வந்தவர். 2003ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அப்பாவுக்கு வைத்த வகைக் கொலாஸ்டமியில் ஹெர்னியா 4 முதல் 48 சதவீதம்வரை என்றது. இவ்வளவு அகலமான எண்ணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் தடவிப் பார்த்து எண்ணியவர்களும், சி.டி. ஸ்கேனில் பார்த்து எண்ணியவர்களும், ஒரு வருஷம் காத்தவர்களும், பத்து வருஷம் காத்தவர்களும் ஒரே கூடையில்.

தடுக்க என்னென்ன செய்து பார்த்தார்கள்? முதலில் இடம். வயிற்றின் நடுவே விலாவிலிருந்து இடுப்பெலும்புவரை இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன. ஓட்டையை அந்தத் தசையின் ஊடாகப் போட்டால் தசை சுற்றிப் பிடிக்கும் என்பது பாடம். 1988ல் ஸ்வீடனின் ஷோடால் குழுவினர் தங்கள் நோயாளிகளின் பழைய குறிப்புகளைப் பார்த்தார்கள்: தசை வழியே போட்டவர்களில் 2.8 சதவீதம், தசைக்கு வெளியே போட்டவர்களில் 21.6 சதவீதம் ஹெர்னியா. உலகம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஜெர்மனியில் சீட்டுக் குலுக்கி இரண்டு வகையாகப் பிரித்து ஒரு சிறு சோதனை செய்தார்கள், தற்காலிக ஸ்டோமாக்களில். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் யாரும் பழைய பாடத்தை மாற்றவில்லை.

அடுத்தது பாதை. கோலிகர் 1958லேயே ஒரு மாற்றம் சொன்னார். குடலை உள்ளிருந்து நேராக வெளியே குத்தி எடுக்காதீர்கள். வயிற்றுறைக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டி, சாய்வாகக் கொண்டுவந்து எடுங்கள். அழுத்தம் ஏறினால் சுரங்கமே நசுங்கி மூடிக்கொள்ளும். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழைவதும் இப்படிச் சாய்வாகத்தான், அதனால்தான் நமக்குச் சிறுநீர் மேலே ஏறுவதில்லை. பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் இந்த முறையில் ஹெர்னியா ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகச் சொல்கின்றன. எல்லாமே கலவையான தரமுள்ள ஆய்வுகள், ஆனால் திசை ஒன்றுதான். ஆபரேஷன் நேரம் கொஞ்சம் கூடும். என் தனிப்பட்ட அபிப்பிராயத்தில், செலவே இல்லாத இந்த வித்தைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. விற்க இதில் ஒன்றுமில்லை.

விற்கக்கூடியது மெஷ் என்கிற வலை. அப்பா கேட்ட பேட். ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் யேனஸ், செங்கிஸ், இஸ்ரேல்சன் மூவரும் 54 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே தசைக்குப் பின்னால் வலை வைத்தார்கள். 2004ல் முதல் முடிவு வந்தது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது வலை இல்லாதவர்களில் 21க்கு 17 பேருக்கு ஹெர்னியா, வலை வைத்தவர்களில் 15க்கு 2 பேருக்கு. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு எட்டு வருஷம் முன்னாலேயே அச்சான தாள் அது. 2017ல் நெதர்லாந்தின் பெரிய சோதனையும் அதையே சொன்னது: ஒரு வருஷத்தில் 24.2 சதவீதத்துக்கு எதிராக 4.5. அடுத்த வருஷம் வெளியான ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வழிகாட்டி, நிரந்தர கொலாஸ்டமிக்கு வலை வையுங்கள் என்று பரிந்துரைத்தது.

கோபத்தோடு அந்த எண்களை எழுதி வைத்திருந்தேன். மேலே படிக்கப் படிக்க கோபத்துக்கு ஆதாரம் கரைந்தது. 2019ல் அதே ஸ்வீடனிலிருந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஸ்டோமாமெஷ் சோதனை: வலைக்கும் வலையின்மைக்கும் வித்தியாசமில்லை. பிறகு ஸ்டோமா-கான்ஸ்ட்: 209 பேர், மூன்று அணி. ஓட்டையைக் கூட்டல் குறி வடிவில் கீறுவது, வட்டமாக வெட்டியெடுப்பது, வலை வைப்பது. மூன்றும் ஒரே மாதிரி. பிரான்ஸில் நடந்ததும் அப்படியே. சின்ன ஊர் மருத்துவமனையில் மூன்று பேர் தங்கள் கையால் செய்தபோது வந்த அதிசயம், பல ஊர்களில் பல கைகள் செய்தபோது வரவில்லை. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே டிராயிங்கை நாலு வெல்டரிடம் கொடுத்தால் நாலு வேலை வரும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப வெச்சிருந்தாலும் வந்திருக்கலாம்ங்கற."

"வராமலும் இருந்திருக்கலாம்பா."

"சரி விடு" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் விடவில்லை. ஸ்டோமா எங்கே வரவேண்டும் என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்து பேனாவால் புள்ளி வைப்பது இன்று உலகமெங்கும் விதி. பெல்ட் கட்டும் கோட்டில் வரக்கூடாது, மடிப்பில் வரக்கூடாது, நோயாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காசு கேட்காத, வாக்குவாதமில்லாத ஒரே தடுப்பு. அப்பாவுக்கு யாரும் புள்ளி வைக்கவில்லை. வாசல் சரியாக வேட்டி முடிச்சில் வந்து உட்கார்ந்தது. புத்தகங்கள் பெல்ட் என்றுதான் எழுதுகின்றன. நம் ஊரில் வேட்டி, லுங்கி, புடவைக் கொசுவம், பாவாடை நாடா. சம்மணமிட்டால் வயிறு வேறு வடிவம், இந்தியன் டாய்லெட்டில் குந்தினால் வேறு. இங்கே புள்ளி வைப்பவர் நோயாளியைத் தரையில் உட்காரச் சொல்லியும் பார்க்க வேண்டும். நல்ல ஸ்டோமா நர்ஸ்கள் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் அரசு மருத்துவமனைகளில் வைக்கப்படும் ஸ்டோமாக்களில் பல, டைஃபாய்டிலோ காசநோயிலோ குடல் ஓட்டையாகி நடுராத்திரியில் வருபவர்களுக்கு அவசரமாக வைப்பவை. அங்கே புள்ளிக்கும் நேரமில்லை, சீழ் நிறைந்த வயிற்றில் வலைக்கும் துணிய மாட்டார்கள். அவற்றில் நிறையவே தற்காலிகமானவை, சில மாதத்தில் மூடிவிடலாம் என்பது ஆறுதல். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் நிரந்தர ஸ்டோமா தனியாக இடம்பெறவில்லை. பைக்கு மாதா மாதம் ஆகும் செலவை அப்பா பென்ஷனில் கழிக்கிறார்.

போன மாதம் ரிப்பேர் பற்றிக் கேட்க வேறொரு சர்ஜனிடம் போனோம். லோக்கல் டிரெயினில், ஓரமாக, இரண்டு பை கூடுதலாக எடுத்துக்கொண்டு. சும்மா தையல் போட்டு இறுக்கினால் பத்தில் ஏழு பேருக்குத் திரும்ப வந்துவிடும் என்று அந்த டாக்டர் நேராகச் சொன்னார். வேறு வழி ஒன்றைத் தாளில் வரைந்தார். எண்பதுகளில் சுகர்பேக்கர் என்ற அமெரிக்கர் சொன்னது: குடலை வயிற்றுச் சுவரின் உட்பக்கமாகப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன்மேல் பெரிய வலையைப் போர்த்தித் தைப்பது. லேப்ராஸ்கோப்பில் செய்தவர்களில் இதற்குத் திரும்பி வருவது எட்டில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறதாம். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேரா வர்ற பைப்பை வளைச்சுப் படுக்கவெச்சு, மேல பேட் போடுறீங்க. அதானே டாக்டர்?"

"அதேதாங்க ஐயா" என்றார் டாக்டர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுபது வயசுக்கு மேல மயக்க மருந்து ஒரு ரிஸ்க். வலையால குடல் ஒட்டிக்கிறது, இன்ஃபெக்‌ஷன், எல்லாம் உண்டு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஆடி கழியட்டும் என்று அப்பா சொன்னார். திரும்பும்போது வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவடிக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. இந்துக் காலேஜ் தாண்டும்போது ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். டாக்டர் வரைந்த அதே படம், இன்னும் நேர்த்தியாக, அளவுக்கோடுகளோடு.

"எல்லாம் சரிடா" என்றார். "டெல்டேல் ஹோல் எங்க விடுவாங்க?"